ஆறாவது வருடத்து ஆய்வாளர்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில், நந்தன் கால்பந்து மைதானத்தை ஒட்டிய தெருக்களின் மொட்டைமாடி ஒற்றை அறைகளில் ஓர் உயிரினம் வாழ்கிறது. பல்லுயிர்ப் பதிவேடு எதிலும் இது இன்னும் ஏறவில்லை. அடையாளம் காண்பது சுலபம். தோளில் ஒரு கருத்தரங்கில் கொடுத்த துணிப்பை, பைக்குள் இன்னொரு கருத்தரங்கில் கொடுத்த நோட்டு, கையில் கண்ணாடி மூடி போட்ட 300 மில்லி குப்பி. "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், சுற்றுச்சூழல் மேலாண்மையில் பிஎச்.டி. என்பார். "எப்ப முடியும்?" என்று கேட்டால், இந்த வருடம் மழை ஏன் தள்ளிப்போனது என்று விளக்குவார். சொந்த ஊர் பெரும்பாலும் கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல். சயனைடு மேட்டுத் தூசியைச் சுவாசித்து வளர்ந்தவருக்கு இந்தத் துறையில் நுழைவுத் தேர்வே தேவையில்லை. ஆனாலும் எழுதித் தேறியிருக்கிறார். ஏன் ஆஸ்டின் டவுன் என்றால், தமிழிலேயே காலம் தள்ளலாம், வாடகை கோரமங்களா அளவுக்கு இல்லை என்று இரண்டு காரணம் சொல்வார். பொருத்தமான மூன்றாவது காரணம் அவருக்குத் தோன்றியிருக்காது. இந்தப் பேட்டைக்கு வைத்த புதுப் பெயர் கிட்டல் நகர். ஆட்டோக்காரர் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. ஃபெர்டினாண்ட் கிட்டல் 1853இல் இந்தியாவுக்கு வந்து, 1894இல் தம் கன்னட-ஆங்கில அகராதியை அச்சில் பார்த்தவர். நீட்டிப்புக் கேட்டு யாரிடமும் விண்ணப்பம் போடாமலே ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டமும் பெற்றார். நம்மவருக்கு யுஜிசியின் 2022 விதி கொடுப்பது ஆறு வருடம். கெஞ்சி மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்ணாக இருந்தால் அதற்கு மேலும் இரண்டு கிடைக்கும், அதை வீட்டு வேலை எடுத்துக்கொள்ளும்.

இவரைப் பற்றித் தெருவின் தீர்ப்பு ஒரே வரிதான்: எந்தச் சூழலையும் இவர் மேலாண்மை செய்வதாகத் தெரியவில்லை. தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. அந்தப் பாடத்தை இந்த ஊரில் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறவர் இவர்தான். எங்கே கற்கிறார் என்பதில்தான் தெருவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்ந்தே குழப்பம். ஆய்வேட்டின் முந்நூறு பக்கத்தில் இருப்பது அவர் படித்தது. அந்த முந்நூறு பக்கத்தை எழுதவிடாமல் ஆறு வருடம் இழுத்தடித்த காரியங்களில் இருப்பது அவர் கற்றது. பல்கலைக்கழகம் எதைத் தாமதம் என்று கணக்கு வைக்கிறதோ, அதுவே அவருடைய பாடத்திட்டம்.

ஆய்வுக்களத்தில் தொடங்குவோம். அது பெல்லந்தூர் ஏரி, சுமார் 900 ஏக்கர். ஆஸ்டின் டவுன் இருப்பது கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் சரிவில். இங்கே துவைத்த தண்ணீர் மோரி என்கிற தெருச் சாக்கடையில் இறங்கி, ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில் சேர்ந்து, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து, தென்பெண்ணையோடு ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் பிடிபட்ட பங்கு 2018 முதல் குழாய் ஏறிக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. ஆக, நம் ஆய்வாளர் திங்கட்கிழமை துவைத்த சட்டையின் சோப்பு ஒரு வழியாக அவருடைய மாதிரிக் குப்பிக்கும், இன்னொரு வழியாக ஊரில் அவருடைய மாமாவின் போர்வெல்லுக்கும் போய்ச் சேர வாய்ப்புண்டு. மாசுபடுத்துபவர், மாசை அளப்பவர், மாசால் பாதிக்கப்பட்டவரின் அக்கா மகன் என்று மூன்று பதவியையும் ஒருவரே வகிக்கிறார். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில், இந்த ஆய்வில் தமக்குச் சொந்த நலன் எதுவும் இல்லை என்று உறுதிமொழியும் தருகிறார்.

எடுத்த தண்ணீரைச் சோதிக்கும்வரை 4 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் பூட்டியிருக்கும், வீட்டுக்கார ஆண்ட்டியின் ஃப்ரிட்ஜ் திறந்திருக்கும். தயிர்க் கிண்ணத்துக்கும் இட்லி மாவுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு குப்பியைப் பார்த்த ஆண்ட்டி, "இன்னா தம்பி இது, நன்னாரி சர்பத்தா?" என்பார். "இல்ல ஆண்ட்டி, பெல்லந்தூர்." இதற்கு அப்புறம் நடக்கும் பேச்சுவார்த்தையைக் கவனிக்க வேண்டும். குப்பி கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும், இரண்டு உறை போட வேண்டும், திங்கள் காலை காபிக்கு முன் வெளியேற வேண்டும். பதிலுக்கு ஆண்ட்டியின் சம்ப்புத் தண்ணீரை மாதம் ஒரு முறை சும்மா சோதித்துத் தர வேண்டும். கால் மணி நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும், இரு தரப்பும் மீறுவதுமில்லை. 1990இல் அமைத்த காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது 2007இல். பொதுவளம், பங்கீடு, கண்காணிப்பு, ஈடு என்று ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் மேற்கோளுக்கு மேல் மேற்கோளாக அடுக்கும் அத்தனையும் அந்த ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நடந்தேறிவிட்டது. ஆனால் ஆய்வேட்டில் இது வராது. "மாதிரிகள் குளிர்நிலையில் பாதுகாக்கப்பட்டன" என்று மூன்றே சொல்லில் வரும்.

வினாத்தாள் படலமும் இப்படித்தான். ஏரி நுரை உங்கள் வாழ்க்கைத் தரத்தைப் பாதித்துள்ளது என்ற கூற்றை நீங்கள் முற்றிலும் ஏற்கிறீர்களா, ஏற்கிறீர்களா, கருத்தில்லையா, மறுக்கிறீர்களா, முற்றிலும் மறுக்கிறீர்களா? எதிரே திண்ணையில் பாட்டி. குழாயடியில் ஏழு குடம் வரிசையில் நிற்கிறது. "இதுல காவேரி எப்ப வரும்னு கேக்குற கட்டம் எது தம்பி?" அப்படி ஒரு கட்டம் இல்லை என்று தெரிந்ததும் பாட்டி பெருந்தன்மையாக, "அப்ப நீயே பாத்து நல்லதா ஒண்ணுல போட்டுக்கோ" என்பார். புள்ளியியல் அந்தப் பதிலைக் கருத்தில்லை என்ற கட்டத்தில் சேர்க்கும். இதற்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு மோரியைக் குனிந்து பார்க்கிறவர் கார்ப்பரேஷன் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பது தெருவின் முடிவு. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது, ஆட்டோ டிப்பர் மூன்று நாளாக வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார் என்று புகார்கள் குவியும். முதல் வருடத்தில் அவர், "நான் ரிசர்ச் பண்றவன்" என்று மறுப்பார். மூன்றாம் வருடத்தில் வால்வ்மேனின் நம்பரைக் கொடுப்பார். ஐந்தாம் வருடத்தில் எந்த வால்வ்மேனிடம் எந்த நேரத்தில் எந்தக் குரலில் பேசினால் தண்ணீர் வரும் என்று தெரிந்து வைத்திருப்பார். பெங்களூரின் நீர் மேலாண்மை பற்றி இதைவிட நுட்பமான அறிவு எந்த நூலகத்திலும் இல்லை.

அலுவலகங்கள்தான் மேற்படிப்பு. ஏரி பெங்களூர் வளர்ச்சி ஆணையமான பிடிஏ பொறுப்பில். ஏரிக்குள் விழும் கழிவுநீர் குடிநீர் வடிகால் வாரியத்தின் கணக்கு. அதைச் சுமந்து வரும் ராஜகாலுவே மாநகராட்சியின் சொத்து. தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்பு. ஒவ்வோர் இடத்திலும் மரியாதையாக உட்கார வைத்து அடுத்த இடத்தின் விலாசத்தைத் தருவார்கள். சுற்றி முடிப்பதற்குள் விலாசமே இல்லாமல் போவதும் உண்டு. ஏரிகளுக்காக 2002இல் ஏரி மேம்பாட்டு ஆணையம் வந்தது. 2014இல் வந்த சட்டம் அதை வேறோர் ஆணையமாக்கியது. 2018இல் அதையும் கலைத்துப் பொறுப்பைச் சிறு நீர்ப்பாசனத் துறையோடு சேர்த்தார்கள். 2025இல் மாநகராட்சியான பிபிஎம்பியே போய், கிரேட்டர் பெங்களூர் ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்தன. நிறுவனக் கட்டமைப்பு என்ற மூன்றாம் அத்தியாயத்தை நம்மவர் எத்தனை முறை திருத்தியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஏரி மட்டும் அங்கேயே இருந்து 2015, 2017, 2018 என்று தீப்பற்றிக்கொண்டிருந்தது. 2018 ஜனவரியில் அணைக்க ராணுவம் வந்தது, சுமார் 5,000 வீரர்கள். அந்த டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் கட்டச் சொன்னது. இரண்டும் ஆண்ட்டி கட்டும் வரியிலிருந்துதான் வர வேண்டும்.

இத்தனையும் ஆய்வேட்டில் எங்கே போயிற்று என்றால், நன்றியுரையில். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் உண்மை பேசும் பக்கம் அது ஒன்றுதான். நெறியாளருக்கும் பெற்றோருக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகு, மூன்றாவது பத்தியில் வருகிறார்கள்: பெயர் சொல்ல விரும்பாத உதவிப் பொறியாளர், பழைய வரைபடத்தை அலமாரியிலிருந்து தூசி தட்டிக் கொடுத்த எழுத்தர், பம்ப் ஹவுஸ் காவலர், வால்வ்மேன், ஃப்ரிட்ஜ் கொடுத்த அம்மையார். ஒரு ஏரியை உண்மையாகவே மீட்க வேண்டுமானால் யார் யாரை ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டுமோ, அந்தப் பட்டியல் இதுதான். வெளித் தேர்வாளர்கள் இந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை.

ஊருக்குத் தேவை சுத்திகரிப்பு நிலையம், ஆய்வாளர் எதற்கு என்று பொறியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நிலையங்கள் கட்டித்தான் இருக்கிறார்கள். ஆனால் சாக்கடை அந்த நிலையத்துக்குப் போகாமல் மழைநீர் போக வேண்டிய காலுவேயில் விழுகிறதே, அதற்கு என்ன இயந்திரம் வாங்குவது? அடைப்பு இரண்டு குழாய்களுக்கு நடுவே இருப்பதைவிட இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே இருப்பது அதிகம். அந்த இடைவெளியில் ஆறு வருடம் நடந்து பழகியவர் இவர்.

எழுதியதை யார் படிக்கிறார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். ஆய்வேடு ஷோத்கங்கா என்கிற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறும். அதை முழுதாகத் திறந்து பார்ப்பவர், அதே தலைப்பில் அடுத்து பதிவு செய்யப்போகிறவர். அவரும் 10 சதவீத ஒற்றுமைக்கு மேல் போகாதபடி வாக்கியங்களைத் திருப்பிப் போட்டு எழுதுவார். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏரி எரிந்தபோது, தண்ணீரில் பாஸ்பேட் இருக்கிறது, சலவைத்தூளின் மிச்சம் இருக்கிறது, அடியில் வருடக்கணக்கான சேறு இருக்கிறது என்று ஊர் தெரிந்துகொண்டது எதை வைத்து? இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவின் குழு வருடக்கணக்கில் எடுத்து வைத்த அளவுகள் இல்லாவிட்டால், நுரையைத் தெய்வக் குற்றம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்காத காலத்தில் யாராவது குப்பியை நிரப்பி வைத்திருக்க வேண்டும். அதற்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை அதிகமில்லை, எந்த மாதத்துப் பணம் எந்த மாதம் வரும் என்பது வேறு விஷயம்.

சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பதுதான் வலுவான குற்றச்சாட்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைப் பற்றி அத்தியாயம் எழுதிய இரவே, 2016இல் கர்நாடகம் தடை செய்த அதே மெல்லிய பையில் சாம்பார் கட்டிக்கொண்டு மாடி ஏறுகிறார். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் இவர் அறையிலும் மோரிக்குத்தான் போகிறது. கருத்தரங்கத்துக்கு விமானத்தில் போய் கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிப் பேசுகிறார். வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலில், மதம் பார்க்காமல், கட்டுரை ஏற்கப்பட வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றுவதை மட்டும் குற்றத்தில் சேர்க்க வேண்டாம். மற்றதெல்லாம் உண்மைதான். ஆனால் பாத்திரம் எடுத்துப்போய் சாம்பார் வாங்க முடியாத வாழ்க்கையை ஊர் எப்படி அமைத்திருக்கிறது என்பதும் மேலாண்மைக் கேள்விதான். தவறாமல் பிரித்துப் போடும் ஒருவர், பிரித்த குப்பையை ஒரே வண்டியில் கொட்டுவதைப் பார்த்து நிற்கும்போது என்ன கற்றுக்கொள்கிறாரோ, அதைத் தனி மனித ஒழுக்கம் என்ற தலைப்பில் அடக்க முடியாது. இவர் தம்மையே ஒரு மாதிரியாக எடுத்துச் சோதித்துப் பதிவு செய்தால் நல்ல அத்தியாயம் ஒன்று கிடைக்கும். நெறியாளர் ஒத்துக்கொள்ளமாட்டார், அது அகவயமானது என்பார்.

ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு ஒரு விண்ணப்பம். சுற்றுச்சூழல் மேலாண்மை வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். அதில் அந்த வட்டாரத்து வால்வ்மேனை உட்கார வையுங்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: ஆஸ்டின் டவுன் ஆறாவது குறுக்குத் தெருவில் மோரி அடைத்துக்கொண்டால் முதலில் யாருக்குப் போன் செய்வீர்கள்? சரியாகப் பதில் சொல்கிறவருக்கு முனைவர் பட்டத்தைக் கையோடு கொடுத்துவிடலாம். முடிந்தால் பெல்லந்தூரில் ஒரு வேலையும்.