ராம்சார் நகர் நலச்சங்கம்

1971 பிப்ரவரியில் சென்னை ஓரத்துப் பள்ளிக்கரணைக் கழுவெளி எந்தக் கவலையும் இல்லாமல் கோரை வளர்த்துக்கொண்டிருந்தது. பரப்பு 5,000 ஹெக்டேருக்குக் குறையாது என்பார்கள். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், நாராயணபுரம் என்று தாம்பரம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, ஒன்றின் கலங்கல் தண்ணீர் இன்னொன்றில் விழுந்து, கடைசியில் இங்கே வந்து படுக்கும். சாவகாசமாக எழுந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். இத்தனை வேலை செய்த நிலத்துக்கு வருவாய்த்துறைக் கணக்கில் கிடைத்த பட்டம் தரிசு.

அதே மாதம் 2ஆம் தேதி, ஈரானில் காஸ்பியன் கடலோரம் ராம்சார் என்ற உல்லாச ஊரில் 18 நாட்டு ஆட்கள் கூடி, நீர்நிலைகளைக் காப்பாற்ற ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் கையெழுத்தும் போட்டார்கள். இதற்கு முன் எட்டு வருஷத்துக்கு மேல் பேசித் தீர்த்திருந்தார்கள். பேசியவர்களில் பறவை விஞ்ஞானிகள் உண்டு, சுடுவதற்கு வாத்து குறைந்துபோனதே என்று வருந்திய வேட்டைக்காரர்களும் உண்டு. முன்னின்று இழுத்தவர்களில் ஒருவரான லுக் ஹாஃப்மன், ரோஷ் மருந்துக் கம்பெனிக் குடும்பத்து வாரிசு. மாத்திரை விற்ற காசு கொக்குக்குப் போவதில் நமக்கென்ன ஆட்சேபம்?

இந்த வாத்துக் கவலையில் செங்கல்பட்டு ஜில்லா ஐரோப்பாவுக்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டு சீனியர். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைத் துரைமார் சுட்டுத் தள்ள, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் நின்று, 1790களிலேயே தடை உத்தரவு வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதுதான் அவர்கள் சொன்ன விஞ்ஞானம். மாநாடு, செயலகம், மும்மொழி அறிக்கை ஒன்றும் கிடையாது. அதனால்தானோ என்னவோ உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ராம்சார் ஒப்பந்தம் எப்படி நடக்கிறது என்று புரிய, மடிப்பாக்கத்திலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ ஏதாவது ஒரு நகர் நலச்சங்கத்தைப் பார்த்திருந்தால் போதும். ஆரம்ப உற்சாகத்தில் பைலா எழுதினார்கள். எழுதி முடித்து, கையெழுத்து போட்டு, காபி குடித்துக் கலைந்த பிறகுதான் தெரிந்தது: பைலாவைத் திருத்த வேண்டுமென்றால் எப்படித் திருத்துவது என்று பைலாவில் ஒரு வரிகூட இல்லை. சந்தா எவ்வளவு, ஆபீஸ் எங்கே, சம்பளம் யார் தருவது, அதுவும் இல்லை. ஏழாவது உறுப்பினராக கிரீஸ் சேர்ந்து ஒப்பந்தம் அமலுக்கு வரவே 1975 டிசம்பர் ஆகிவிட்டது. திருத்தும் வழியைச் சேர்ப்பதற்காகவே 1982இல் பாரிஸில் தனியாக ஒரு நெறிமுறை போட்டார்கள். பட்ஜெட்டும் நிரந்தரச் செயலகமும் கனடாவின் ரெஜைனா கூட்டத்தில், 1987இல்தான் ஒழுங்காகப் பேசப்பட்டன. பதினாறு வருஷம் உண்டியல் இல்லாமல் ஓட்டிய சங்கம் இது.

இன்றைக்கு 172 நாடுகள் உறுப்பினர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூடும். கடைசியாக 2025 ஜூலையில் ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவி ஊரில். நடுவில் வீட்டைப் பார்த்துக்கொள்ள, கண்டத்துக்குக் கண்டம் ஆள் போட்டு ஒரு நிலைக்குழு. செயலகம் சுவிட்சர்லாந்தின் கிளாண்டில், ஐ.யூ.சி.என். என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கட்டடத்தில் ஒரு போர்ஷன். ஊழியர்களும் சட்டப்படி வீட்டுக்காரரான ஐ.யூ.சி.என்.னின் ஊழியர்களே. ‘இப்படியே குடியிருப்பதா, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போடு போய்ச் சேருவதா’ என்று வருஷக்கணக்கில் வழக்காடி, 2012இல் புகாரெஸ்ட்டில் ‘இருக்கிற இடமே தேவலை’ என்று முடித்தார்கள். வருஷ பட்ஜெட் சுமார் 50 லட்சம் சுவிஸ் பிராங்க். பூமியின் மொத்த ஈரத்துக்கும் அவ்வளவுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் கோபுரம் கோபுரமாக அடுக்கும் எந்த பில்டரும் இதைக் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார்.

இனி ஆலோசகர்கள். எந்த நகரிலும் ஒரு ரிட்டயர்டு சீஃப் இன்ஜினியர் இருப்பார். கால்வாய் எந்தப் பக்கம் சரிவு, கல்வெர்ட் எத்தனை அடி என்று படம் போட்டுக் கொடுப்பார். எல்லோரும் கைதட்டிவிட்டு, கார் ஏற வசதியாகக் கால்வாய்மேல் ஸ்லாப் போட்டு மூடிக்கொள்வார்கள். ராம்சாரில் அவருக்குப் பெயர் அறிவியல் தொழில்நுட்ப மறுஆய்வுக் குழு. ஜப்பானின் குஷிரோவில் 1993இல் அமைத்தது. குழுவில் தேர்ந்த ஆட்கள், நல்ல அறிக்கைகள். ஓட்டு மட்டும் கிடையாது. பேர்ட்லைஃப், டபிள்யூ.டபிள்யூ.எஃப்., வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் உள்பட ஆறு தோழமை அமைப்புகளும் உண்டு. அவர்களுக்கும் பேச்சு உண்டு, ஓட்டு இல்லை. பூநாரைக்கு இரண்டுமே இல்லை.

தண்டனை? அதைக் கேளுங்கள். நீர்நிலையைக் கெடுத்துக்கொண்டால் மான்த்ரோ பதிவேட்டில் பெயர் ஏறும். ஏற்றுவதற்குச் சம்பந்தப்பட்ட நாட்டின் சம்மதம் வேண்டும். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவரிடமே போய், ‘சார், உங்க பேரை போர்டுல எழுதிக்கட்டுமா?’ என்று கேட்கிற நாகரிகம். இதற்கும் இந்தியா பெருந்தன்மையாக ராஜஸ்தானின் கேவலாதேவையும் மணிப்பூரின் லோக்டாக்கையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரி பதிவேட்டில் ஏறி, கடலோடு புது முகத்துவாரம் வெட்டி உப்பும் மீனும் திரும்பிய பிறகு, 2002இல் இறங்கியது. ஆக, வெட்கம் சில சமயம் வேலை செய்யும்.

நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1982இல் இந்தியா சங்கத்தில் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டில்தான் பெருங்குடியில் மாநகரக் குப்பையைக் கழுவெளியில் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். பின்னாலேயே கடல் தொழில்நுட்பக் கழகம், காற்றாலை ஆராய்ச்சி மையம், ரயில் நிலையம், ஐ.டி. கட்டடங்கள், குறுக்கே பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோடு. கடலையும் காற்றையும் ஆராய்கிறவர்கள்கூட உட்கார இடம் தேடி வந்தது சேற்றுக்குத்தான். உள்ளூர் ஆலோசகர்கள் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் கூடிப் போராடினார்கள். கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் 2000களின் தொடக்கத்திலேயே ஆய்வு செய்து மிச்சத்தைக் காட்டினார். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. மரமே இல்லாத காடு. சட்டத்துக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. முடிச்சூரில் அடையாற்று வெள்ளம், வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பழைய இடத்தைத் தேடி வந்த ஏரித் தண்ணீர். ராம்சார் ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து, இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நின்றாலும் ஓடினாலும் தண்ணீர் உள்ள இடம் ஈரநிலம் என்கிறது. அந்த வாரம் கிளாண்டிலிருந்து யாராவது வந்திருந்தால், வேளச்சேரி ஏ.ஜி.எஸ். காலனி முழுவதையும் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

2022இல் பள்ளிக்கரணைக்குப் புதுப் பட்டம் வந்தது. 1,247.54 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். அதே வருஷம் கரிக்கிலி, பிச்சாவரம், வேடந்தாங்கல் என்று தமிழ்நாட்டுக்கு வரிசையாகக் கிடைத்தது; இப்போது மொத்தம் இருபது. 2025இல் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு ராம்சார் விருதும் வந்தது. ஆலோசகருக்கு மாலை போடுவதில் உலகம் எப்போதும் தாராளம்.

ஆனால் கிளாண்டில் இருப்பவர் பள்ளிக்கரணைக்கு நேராக ஒரு கார்டு போட முடியாது. அவருக்குத் தெரிந்த விலாசம் டெல்லி சுற்றுச்சூழல் அமைச்சகம். டெல்லி, 2017 ஈரநில விதிகளின்படி மாநில ஈரநில ஆணையத்தைக் காட்டும். ஆணையம் கீழே பார்த்தால் காப்புக்காடு வனத்துறையிடம், குப்பைமேடு மாநகராட்சியிடம், கால்வாய் நீர்வளத்துறையிடம், பட்டா வருவாய்த்துறையிடம், பிளான் அப்ரூவல் சி.எம்.டி.ஏ.விடம். 172 நாடுகளை ஒரு ஹாலில் உட்கார வைத்துவிடலாம். இந்த ஐந்து பேரை உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. ராம்சார் எல்லைக்குள்ளும், சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆய்வு முடிகிறவரை கட்டுமான அனுமதி கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சி.எம்.டி.ஏ.வுக்குச் சொன்னது. அதுவரை மேடவாக்கம் டீக்கடைகளில் ராம்சார் என்றால் யாரோ ராம் என்கிற சார் என்றிருந்தவர்கள், ஒரே வாரத்தில் ஷரத்து வாரியாக ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். அரை கிரவுண்டு வாங்கிப்போட்டவரிலிருந்து கடன் கட்டிக்கொண்டிருப்பவர் வரை எல்லோரும் மறுஆய்வுக் குழு ஆகிவிட்டார்கள். புரோக்கர்கள் மட்டும் பதறவில்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “ஒரு கிலோமீட்டர்னா சரி சார், எந்தக் கல்லுல இருந்து அளக்கப்போறீங்க?”