கரைந்த மீன் உளதா, இலதா: ஒரு பாஸ்தா ஆராய்ச்சி

இத்தாலியின் தென்கிழக்கே, புல்யா மண்டலத்தில் பாரி என்றொரு துறைமுக நகரம் உண்டு. (முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிக்கும் இதற்கும் தொடர்பு காட்டும் ஆய்வேடு இதுவரை வரவில்லை, வரும்.) அவ்வூரார் குளிர்காலத்தில் விரும்பி உண்பது, ஒரெக்கியேத்தே என்னும் பாஸ்தாவும் சீமே தி ராப்பா என்னும் கீரையும் சேர்ந்த உணவு. பூண்டும் மிளகாயும் கண்ணுக்குத் தெரியும். உப்பில் பதப்படுத்திய ஆன்சோவி மீனும் அதில் உண்டு என்பார்கள். தட்டு முழுக்கத் துழாவினாலும் அகப்படாது. இம்மீன் உளதா, இலதா எனத் துணிவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனால் உலகுக்கு என்ன பயன் என்று வினவுவோர் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுதியற்றவர் ஆவர்.

முதற்கண் பாஸ்தா. கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும்தான்; முட்டை கிடையாது. பழைய பாரியின் ஆர்கோ பாஸோ சந்தில் பெண்கள் வாசலிலேயே மரப்பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாவைக் கயிறாகத் திரித்து, துண்டு போட்டு, மழுங்கிய கத்தியால் பலகைமேல் இழுத்தால் துண்டு சுருளும். அதைக் கட்டைவிரல் நுனியில் மாட்டித் திருப்பிவிட்டால் சின்னக் காதுமடல். வெளிப்புறம் சொரசொரப்பு, உட்புறம் குழி. இது ஆய்வுக்கு உரியதோ எனின், உரியதே. எண்ணெயும் கீரைத் துணுக்கும் தங்குமிடம் அக்குழியே ஆகலின். 2019இல், எங்கே செய்தது என்ற விவரம் இல்லாத ஒரெக்கியேத்தேயை வைத்திருந்த உணவகம் ஒன்று அதிகாரிகளிடம் அகப்பட்டுக்கொண்ட செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அது சட்டத்துறையார் பாடு.

கீரை, டர்னிப்புக்கு உடன்பிறப்பு, கடுகுக்குப் பங்காளி. இலை, இளந்தண்டு, விரியாத மொட்டு எல்லாம் சேரும். கசக்கும். பாஸ்தா வேகும் அதே பானையில் இதையும் போட்டுக் குழைய வேகவிடுவார்கள். காய்கறி நறுக்கென்று இருக்கவேண்டும் என்பார்க்கு இவ்வாய்வில் இடமில்லை.

இனி மீன். தலையும் குடலும் நீக்கி, பீப்பாயில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். மீனின் நொதிகள் அதன் புரதத்தையே உடைக்கும். அதிலிருந்து குளூட்டமேட் பிரிந்து வரும். 1908இல் ஜப்பானின் இக்கேடா கிக்குனாயே கொம்பு என்னும் கடற்பாசியில் கண்டெடுத்து, தனிச்சுவை என்று நிறுவியது இதைத்தான். இவ்வாறு பாதி கரைந்தே வரும் மீனை, பூண்டு போட்ட இளஞ்சூட்டு எண்ணெயில் இட்டுக் கரண்டியால் அழுத்தினால், முதலில் ஓரம் நொறுங்கும். பிறகு பழுப்புக் கூழாகும். பிறகு எண்ணெய் மட்டுமே இருக்கும்.

இங்கே தடை எழுப்புவர்: காணப்படாதது இல்லை, ஆகவே மீன் இல்லை என்று. அற்றன்று. காட்சியளவை கண்ணுக்கு மட்டும் உரியதன்று, நாவுக்கும் உரியது. கீரையின் கசப்பு அடங்கியிருப்பதை நா உணர்கிறது. உப்பு கசப்பை அடக்கும் என்பது சுவையியலார் சோதித்துக் கண்டது. பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம் என்று பொருள்படுகிறது; ‘ஆல்’ எங்கே, ‘ஆகிய’ எங்கே என்று எவரும் குடத்துக்குள் கைவிட்டுத் தேடுவதில்லை. அதுபோல, இவ்வுணவில் மீன் என்னும் உருபும், கசப்படக்குதல் என்னும் பயனும் உடன்தொக்கு நின்றன. எனவே இது தொகைநிலைப் பாஸ்தா என்று அறிக.

அற்றேல், நெத்திலிக் கருவாடு போட்டாலென்ன என்பார் தமிழ்நாட்டு மாணவர். நல்ல வினா. நெத்திலியும் ஆன்சோவியும் ஒரே குடும்பம்தான். விலங்கியலார் இரண்டையும் எங்ராலிடே என்னும் குடும்பத்தில் வைப்பர். ஆனால் கருவாடு வெயிலில் காய்ந்து இறுகியது. எண்ணெயில் விழுந்தால் மொறுமொறுக்கும்; கரையாது; தலையோடும் முள்ளோடும் தட்டில் கிடந்து தன் இருப்பைத் தானே அறிவிக்கும். அது தொகாநிலைத் தொடர். ருசியில் குறையில்லை, இலக்கணம் வேறு.

மேலே சீஸ் துருவலாமா என்பது இன்னொரு வழக்கு. மீனுள்ள பாஸ்தாவில் சீஸ் சேராது என்பது இத்தாலியரின் பொதுக்கொள்கை. மீனே தெரியாத இடத்தில் அவ்விதி செல்லுமா என்று வாதாடலாம். பாரியில் பலர் வாதாடுவதில்லை. எண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளைத் தூவிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அதுவே என் துணிபும்.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு ஒன்று: இருவருக்கு 200 கிராம் பாஸ்தா என்றால் ஐந்தாறு ஆன்சோவித் துண்டு போதும். பாஸ்தா வெந்த நீரிலும் உப்பு, மீனிலும் உப்பு. வாயில் வைத்துப் பார்க்காமல் மேற்கொண்டு உப்புப் போடாதீர்கள்.