கையெழுத்தின் இணைப்பாகப் புகைப்படம்: ஓர் ஆய்வு

புகைப்படத்தில் முக்கியமானவர் படத்துக்குள் இருப்பவரே என்று உலகம் இதுவரை நம்பி வந்திருக்கிறது. தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் கோப்புகளைப் புரட்டினால் இது பிழை என்பது விளங்கும். முக்கியமானவர் கையெழுத்துப் போட்டவர். படம் அந்தக் கையெழுத்தோடு வைக்கப்படும் இணைப்பு. முதல் சான்று நியூயார்க் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே ஓர் இளம்பெண்ணின் படத்தை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், மாவு விளம்பரத்துக்காக 25,000 பிரதிகள் அச்சிட்டுவிட்டார்கள். 1902இல் மாநிலத்தின் உச்ச அப்பீல் நீதிமன்றம், இதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை என்று கைவிரித்தது. கண்டனம் கிளம்பியது, மறு ஆண்டே, விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ ஒருவரின் படத்தைப் பயன்படுத்த எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் வந்தது. மாடல் ரிலீஸ் எனும் தாளின் பூர்வீகம், ஆக, மாவு மூட்டை.

அந்தத் தாளில் யார் கையெழுத்திடுவது என்பதில்தான் தத்துவம் ஆழமாகிறது. சிரிப்பது குழந்தை, கையெழுத்திடுவது பெற்றோர். நாயோ, படங்களைச் சேர்த்துவைத்து விற்கும் ஸ்டாக் நிறுவனங்களின் கணக்கில் மாடலே அல்ல, சொத்து. வீட்டுக்கும் நாய்க்கும் ஒரே ப்ராப்பர்ட்டி ரிலீஸ்தான். (தான் எவருடைய சொத்தும் அல்ல என்ற பூனையின் நிலைப்பாட்டைச் சட்டம் இன்னும் பரிசீலிக்கவில்லை.) தோளில் பச்சை குத்தியிருந்தால் தோளுக்குரியவர் ஒருவர், சித்திரத்துக்குரியவர் இன்னொருவர் என்று தாள் இரண்டாகலாம். ஈபிள் கோபுரம் இதையும் விஞ்சும். அதை எழுப்பிய ஈபிள் 1923இல் காலமானார். பதிப்புரிமைக் காலமும் முடிந்தது. பகலில் யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் 1985இல் அமைத்த இரவு விளக்கலங்காரம் தனிப் படைப்பு என்கிறது கோபுரத்தை நடத்தும் நிறுவனம். இரவுப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தப் போகிறவர் அனுமதி கேட்டாக வேண்டும். அதே இரும்பு, அதே கேமரா. பொழுது சாய்ந்ததும் ஒரு தாள் கூடுகிறது.

செய்திப் படத்துக்கு ரிலீஸ் தேவையில்லையே என்று சிலர் மறுப்பார்கள். உண்மைதான். ஆனால் அத்தகைய படத்தை ஸ்டாக் நிறுவனம் ‘எடிட்டோரியல் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று முத்திரை குத்தித்தான் விற்கிறது. இல்லாத கையெழுத்தும் படத்தை விட்டு நீங்குவதில்லை. இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வழிப்போக்கர்களை அவர்கள் அறியாமல் படமெடுத்தார் புகைப்படக் கலைஞர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா. அவர்களில் ஒருவர் வழக்குத் தொடுக்க, 2006இல் நீதிமன்றம் அது கலை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. பல்லாயிரம் டாலருக்கு விற்றால் கலை, மாவு மூட்டையில் ஒட்டினால் வணிகம் என்பது தெளிவாயிற்று. கலைஞர் வென்றதை மறுக்கவில்லை. ஒரு நிமிடத்தில் நிரப்பும் தாள் இருந்திருந்தால் அவர் வக்கீலைத் தேடியிருக்க மாட்டார் என்பதே என் வாதம். பொது இடத்தில் நிலையாக நிற்கும் கட்டடங்களைப் படமெடுக்க இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறதே என்பாருக்கு ஒன்று சொல்லலாம்: மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல் 2017இல் தன் கட்டடத் தோற்றத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது.

இத்தனைக்கும் மேலான சான்று படிவத்திலேயே இருக்கிறது. புழக்கத்திலுள்ள பல ரிலீஸ் படிவங்களில், ஆளை அடையாளம் காண மாடலின் புகைப்படம் ஒன்றை ஒட்டச் சொல்லி ஒரு கட்டம் உண்டு. படம் இணைப்பே என்பதைப் படிவமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒட்டிய அந்தப் படத்துக்குத் தனியாக ஒரு ரிலீஸ் வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் அடுத்த ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறேன்.