பருப்புக்குள் ஒரு வில்லன்

கேள்வி: ஆப்ரிகாட் கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பைத் தின்றால் புற்றுநோய் அண்டாதாமே? அதில் 'வைட்டமின் பி17' இருக்கிறதாம். தினமும் பத்து சாப்பிடலாமா?

பதில்: அந்த வைட்டமினுக்கு ரேஷன் கார்டே கிடையாது! விற்பனைக்காகச் சூட்டிய பெயர் அது. உள்ளே இருப்பது அமிக்டலின். கசப்புப் பருப்பில் அதிகம். மென்றதும் பருப்பிலேயே உள்ள நொதி அதை உடைக்கும். வெளியே வருவது சயனைடு. துப்பறியும் கதைகளில் வில்லன் காபியில் கலப்பானே, சாட்சாத் அதேதான்.

ஆராயாமலும் விடவில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக் உள்ளிட்ட மருத்துவமனைகள் 178 நோயாளிகளுக்கு அமிக்டலினைக் கொடுத்துப் பார்த்து, 1982இல் முடிவை வெளியிட்டன. ஒருவருக்கும் நோய் குணமாகவில்லை. சிலர் ரத்தத்தில் சயனைடு ஏறியதுதான் மிச்சம். பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு மூன்று சின்னப் பருப்புக்கு மேல் ஆபத்து என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. நீங்கள் பத்து கேட்கிறீர்கள், தாராள மனசு!

பருப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் லடாக் பக்கம் போங்கள். அங்கே 'ரக்ட்சே கார்போ' என்று ஒரு ரகம்; கொட்டை வெள்ளை, பருப்பு தித்திப்பு. புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. 'ஹல்மான்' ரகப் பழத்தைக் காயவைத்து விற்கிறார்கள். நான் அந்தக் கட்சி. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தொட்டியில் ஊன்றிவிடலாம் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். மாதக்கணக்கில் குளிர் கண்டால்தான் அந்த மரம் பூக்கும்.