முதல் நாள் வரவு 50 காசு

கேள்வி: தறி வருமானம் குறைந்துவிட்டது. சமையல் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. அதையே பிழைப்பாக்க இது நல்ல நேரமா?
- வாசகி, வாலாஜாபாத்

பதில்: நல்ல நேரம் பார்த்தா சென்னைத் தொழில்முனைவோர் பெட்ரிஷியா நாராயண் கடை போட்டார்? இரண்டு குழந்தைகளை வளர்க்க வேண்டிய நெருக்கடியில் அவருக்குக் கைகொடுத்தது சமையல் ஆர்வம். ஊறுகாயும் ஜாமும் செய்தார். அம்மா தன் அலுவலகத்தில் விற்றுக் கொடுத்தார். வந்த காசு அடுத்த சரக்குக்குப் போனது.

1982-ல் மெரினாவில் தள்ளுவண்டி. முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. வரவு 50 காசு!

மறுநாளும் வண்டி வந்தது. பிறகு கேன்டீன்கள், உணவகங்கள். 2010-ல் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது.

வாசகிக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரம் இருக்கிறது. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து மூங்கில் குடலையில் வேகவைக்கும் கோயில் இட்லிக்குப் பெயர்போன ஊர். பட்டு எடுக்க வருகிறவர்களுக்கும் பசிக்கும்!

தறியை உடனே நிறுத்த வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, வார இறுதியில் மட்டும் அந்த இட்லியைச் சிறிய அளவில் விற்கலாம். அரிசி, உளுந்து, எரிவாயுவோடு தன் உழைப்புக்கான கூலியையும் கணக்கில் எழுத வேண்டும். அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால், கடனுக்கும் மானியத்துக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.