சென்சார் காப்பியல்: ஜெலாப்பாங் உரையுடன்

யானைக்கு நூல் உண்டு, குதிரைக்கு நூல் உண்டு, பல்லி விழுந்த பலனுக்கும் நூல் உண்டு. சர்க்கரை அளக்க மேற்கையில் ஒட்டிய சென்சார் விழுந்தால் என்ன பலன் என்று மட்டும் முன்னோர் எழுதி வைக்காமல் போனார்கள். மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சாப்பாட்டுக் கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்தாலே ஒருவர் தேறுவார். முன்னோர் விட்ட அக்குறை நீக்கவே ஈப்போவின் வடபுறம் ஜெலாப்பாங்கில் இந்நூல் செய்யப்பட்டது. நூற்பாவும் உரையும் ஒருவரே செய்தமையால், உரையில் மாறுபாடு இல்லை.

1. மேற்கைப் புறத்தே வட்டமாய் ஒட்டி
ஈரேழ் நாளும் இருப்பது சென்சார்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், காக்கப்படும் பொருள் இன்னது என உணர்த்துதல் நுதலிற்று.

வட்டம் என்றது ஃபிரீஸ்டைல் லிப்ரே வகையை. 2014-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 35 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன். அடியில் 0.4 மில்லிமீட்டருக்கும் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கி நிற்கும். அது தொடுவது ரத்தத்தை அன்று; உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீரை. அதனால் ரத்தச் சர்க்கரைக்குச் சில நிமிடம் பிந்தியே சேதி சொல்லும். நொதியைக் கொண்டு சர்க்கரையை மின்சாரமாக அளக்கும் வழியை 1962-இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்தார். அவர் சோதனைச்சாலையில் அளந்ததை இன்று ஒருவர் பாசார் மாலாமில் ஆப்பம் பாலிக் வாங்கிக்கொண்டே அளக்கிறார்.

'ஈரேழ்' என்றது பதினான்கு நாளை. பத்து நாளே இருக்கும் கருவிகளும் உள எனின், அவை குற்றாயுள் உடையன எனக் கொள்க.

2. நிலையே சட்டை வியர்வை எண்ணெய்
உறவினர் விரலோடு ஐம்பகை என்ப.

இது பகைகளின் தொகை கூறிற்று.

நிலை என்றது கதவு நிலையை. தமான் வீடுகளில் சமையலறை வாசல் குறுகியது. கையில் பாத்திரத்துடன் ஒருக்களித்து நுழைபவரின் மேற்கை, நிலையில் உரசியே தீரும்.

சட்டை என்றது சட்டையையும் ரவிக்கையையும், சிறப்பாக மோட்டர் ஓட்டுவோரின் ஜாக்கெட்டையும். நம் நாட்டில் ஜாக்கெட்டை முன்பின் மாற்றி அணிவது மரபு. போடும்போது தீங்கில்லை. தொழிற்பேட்டை வாசலில் மணி அடிக்கிற அவசரத்தில் உருவி எடுக்கும்போதுதான், ஜாக்கெட்டின் கை சென்சாரையும் கூட்டிக்கொண்டு போகும்.

வியர்வை என்றதற்கு விளக்கம் வேண்டா; காலை வெயிலும் பிற்பகல் மழையும் ஒரே பகலில் காணும் ஊர் இது. எண்ணெய் என்றது தீபாவளி நல்லெண்ணெய் தொடங்கி, மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலம் ஈறாக உள்ள எல்லாவற்றையும்.

உறவினர் விரல் இறுதியில் வைக்கப்பட்டது என்னை எனின், அதைத் தடுக்க வழியின்மையின். "என்னா மாமா, கையில மேக்னட்டா?" என்று கேட்டு முடிக்குமுன் விரல் வந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினராயின் தீங்கு இரட்டிப்பு. அவருக்குப் பழக்கம் மூவிலக்க மில்லிகிராம் கணக்கு. நமக்கோ மில்லிமோல் கணக்கு. திரையில் 8.4 என்று கண்டதும், "எட்டுதானா? உடம்பு என்னத்துக்கு ஆகும்!" என்று பதறி அதிரசத்தை நீட்டுவார். பதினெட்டால் பெருக்கினால் 151 வரும் என்று சொல்லி முடிப்பதற்குள் அதிரசம் பாதி உள்ளே போயிருக்கும்.

தலையணை ஏன் எண்ணப்படவில்லை எனின், அது கழற்றாது. பொய் சொல்ல வைக்கும். சென்சார் உள்ள பக்கம் சாய்ந்து படுத்தால் அழுத்தத்தால் அளவு தாழ்ந்து காட்டி, அலாரம் உள்ள வகையாயின் நடுநிசியில் அடித்து வீட்டையே எழுப்பும். அதனைப் 'பொய்ப்பகை' என வேறாக வைக்க.

3. ஒட்டிய பின்னர்க் காப்பது சிறுகாப்பு;
ஒட்டுமுன் உலர்த்தல் பெருங்காப் பாகும்.

இந்நூலின் உயிர் இந்நூற்பா.

சென்சார் கழன்றதும் எல்லாரும் பசையைத் திட்டுவர். பசை பெரும்பாலும் நிரபராதி. தோலின் மேலடுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே உதிர்ந்து புதிதாகிறது. அதாவது, புறப்படத் தயாராக இருக்கும் ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பசை நிற்கிறது. இதில் குளித்த ஈரமும் லோஷனும் இடையில் புகுந்தால் அது என்ன செய்யும்?

ஆகவே செய்முறை: வாசனைப் பூச்சு சேராத சோப்பால் கழுவுக, ஆல்கஹால் துணியால் துடைக்க, காற்றில் காயவிடுக. காயுமுன் ஒட்டுபவர் அவசரக்காரர் எனப்படுவர். மயிர் அடர்ந்த கையாயின் மழித்தல் நன்று.

இக்கலை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று ஊன்றியதிலிருந்து பேராக் மாநிலம் இதைத்தான் பயின்று வந்தது. பால் வெட்டுபவரின் கத்தி பட்டையில் அளவாகவே இறங்கும். ஆழ்ந்தால் மரம் புண்ணாகும். பால் பிடிக்கும் மங்கு கம்பியில் உறுதியாக நிற்கும். மழை வெட்டுவாயில் இறங்காதபடி மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மறைப்பதும் உண்டு. மரம் காய்ந்திருந்தால்தான் அதுவும் ஒட்டும். தாத்தா மரத்துக்குச் செய்ததைப் பேரன் தன் கைக்குச் செய்கிறார்.

4. நாடா மிகினும் நடுத்துளை மூடேல்.

நாடா ஒட்டுவது பற்றி மூன்று கொள்கையினர் உளர். வெறுங்கையர், "வந்தது இருக்கும், போவது போகும்" என்று விட்டுவிடுவர். பட்டையர், பழைய காலுறையின் நுனியை வெட்டிக் கையில் மாட்டிக்கொள்வர். செலவில்லை, இறுக்கினால் பொய்ப்பகை வரும். நாடாவர், விளையாட்டு வீரர் தசைக்கு ஒட்டும் துணிநாடாவை வட்டமாக வெட்டி மேலே ஒட்டுவர். நுனிகளை வளைவாக வெட்டினால் சட்டையில் மாட்டிக் கிளம்பாது என்பது இவர்தம் நுட்பம். மூவருள் இவரே வலியர். ஆயினும் சென்சாரின் நடுவே உள்ள சிறு துளையை மூடக்கூடாது என்பது தயாரிப்பாளர் விதி. ஆதலின் நாடாவிலும் துளை இடுக.

அரிப்பும் சிவப்பும் கண்டால் நாடாவைக் கூட்டுவது பேதைமை. சென்சாரில் இருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்னும் பொருள் சிலருக்கு ஒவ்வாமை தருவதை 2017-இல் தோல் மருத்துவர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். அங்கே வேண்டுவது டாக்டர், டேப் அன்று.

ஓரம் மட்டும் கிளம்பினால் நாடாவால் பிழைக்கும். இழை வெளியே வந்துவிட்டால் மறுபடி குத்தி ஒட்டலாகாது. நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்ததாயினும் அதற்கு நீர்க்கடன் செய்து முடிக்க.

5. கைமாறி ஒட்டுக, கழற்றுக எண்ணெயால்.

வெட்டிய பட்டை ஆற மறுபக்கம் மாறுவது தோட்டத்து நியதி. அவ்வாறே வலக்கை முடிந்தபின் இடக்கை. பதினான்கு நாளும் பகையாய் இருந்த எண்ணெய், கழற்றும் நாளில் நட்பாகும். ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவி மெல்ல உரிக்க. பகை நட்பாதல் அரசியலில் மட்டும் நிகழ்வதன்று.

6. விருந்தின் முன்னாள் வீழ்ந்தது விபத்தன்று.

இஃது ஒழிபு. புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலங்கள் வீட்டுக்கு வந்த அன்றோ, கல்யாணச் சாப்பாட்டுக்குப் புறப்படும்போதோ சென்சார் "தானாகவே" கழன்றது என்பாரும் உளர். சாட்சி இல்லாத வேளையில் பரிமாறிய ஜிலேபிக்குக் கணக்கில்லை என்பது அவர் துணிபு. அதனை மறுத்தற்கு இந்நூற்பா எழுந்தது. சென்சார் விழுந்தால் விரலைக் குத்திப் பார்க்க. அதற்கு நாடா வேண்டா, துளை வேண்டா, துணிப்பட்டையும் வேண்டா. கதவு நிலையில் எத்தனை முறை இடித்தாலும் விரல் பத்தும் கழலா.