மினுக்காத திரை

எண்பதுகளில் செஞ்சியில் பொழுது சாய்ந்தால் வோல்டேஜும் சாய்ந்துவிடும். சுற்றுப்பட்டு ஊர்களில் பம்புசெட் ஓடும் நேரம். எங்கள் வீட்டு ட்யூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து, எரியலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசிக்கும். தாத்தா ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகுவார். பிடித்துக்கொண்டால் வீட்டுப்பாடம், இல்லையென்றால் விடுதலை.

பிடித்துக்கொண்ட பிறகும் அது நிலையாக எரியவில்லை. இரும்புச் சோக் போட்ட ட்யூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மங்கி மங்கித்தான் எரியும். இங்கிலாந்தில் வில்கின்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஓர் அலுவலகத்தில் இரும்புச் சோக்குக்குப் பதில், இப்படி மினுக்காத எலெக்ட்ரானிக் சோக்கைப் போட்டுப் பார்த்தார்கள். தலைவலியும் கண்வலியும் பாதிக்குமேல் குறைந்தன என்று 1989இல் எழுதினார்கள். எங்கள் வீட்டில் தலைவலிக்குக் காரணம் வெயில், மருந்து சுக்குப் பற்று. விளக்கை யாரும் சந்தேகிக்கவில்லை.

2025இல் எங்கள் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. கோட்டையின் ராஜகிரி மலையில் ஏற எனக்குத்தான் முழங்கால் விடவில்லை. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாற்றை ஸ்கேன் பிரதியில், படுத்தபடியே படிக்கலாமே என்று டேப்லெட் பார்க்கப் போனேன்.

"ஓஎல்இடி எடுங்க சார், கருப்புன்னா கருப்பா இருக்கும்" என்றார் கடைக்காரர். இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திரைகள் பலவும் வெளிச்சத்தைக் குறைக்கச் செய்யும் வேலை, விளக்கை அணைத்து அணைத்துப் போடுவதுதான். பலவற்றில் வினாடிக்கு 240 முறை. ராத்திரி வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க, அணைந்திருக்கும் நேரம் கூடும். தாத்தாவின் ட்யூப்லைட்டாவது மங்கியதோடு நிறுத்திக்கொண்டது. நாற்பது வருட முன்னேற்றத்தில் 100 என்பது 240 ஆகியிருக்கிறது. அதற்கு முப்பதாயிரம் ரூபாய் கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே மாமா" என்கிறான் கூட வந்த மருமகன். உண்மைதான், எல்லோருக்கும் உறுத்துவதில்லை. எனக்கு அரைமணியில் நெற்றிப்பொட்டு தெறிக்கும். 'கண் பாதுகாப்பு' பொத்தானை அழுத்திக் காட்டினார்கள். திரை மஞ்சள் பூசிக்கொண்டது, மினுக்கல் அப்படியே இருந்தது.

எல்சிடி என்றாலே தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. அதிலும் சிலவற்றில் பின்விளக்கு இதே வேலையைச் செய்கிறது. மின்னோட்டத்தைக் குறைத்து மங்கவைக்கும் டிசி டிம்மிங் உண்டா, இல்லையென்றால் மினுக்கல் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸிலாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறையுங்கள். உங்கள் போன் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். அகலமான கருப்புப் பட்டைகள் ஓடினால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள், விலை பேச வேண்டாம்.